சீருடையை எரித்தவர், சாம்பியன்களை உருவாக்கினார்!

குட்டீஸ், பி.டி. பீரியடில் அணி பிரிப்பதைக் கவனித்திருக்கிறீர்களா? இரண்டு கேப்டன்கள் எதிரெதிரே நிற்பார்கள். ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். நன்றாக ஓடுபவர்கள், நன்றாக எறிபவர்கள் எல்லாம் முதலில் போய்விடுவார்கள். குள்ளமானவர்கள், புதிதாகச் சேர்ந்தவர்கள், கூச்ச சுபாவம் உள்ளவர்கள் கடைசியில் மிஞ்சி நிற்பார்கள். அப்படி நிற்பது எவ்வளவு சங்கடம் என்பது, நின்றவர்களுக்குத்தான் தெரியும்!

ஒரு நல்ல அணியை இப்படித்தான் அமைக்க வேண்டுமா? கெட்டிக்காரர்களை மட்டும் அள்ளிப் போட்டுக்கொண்டால் போதுமா? இல்லை என்று செய்து காட்டினார் ஒரு அமெரிக்கப் பெண்மணி. அறுபது வயதில், ஒரு பந்துகூட உருளாத மைதானத்தில், ஒரு வீராங்கனைகூட இல்லாத கல்லூரியில் அணி அமைக்கத் தொடங்கினார். இரண்டே ஆண்டுகளில் அந்த அணி நாட்டிலேயே முதலிடம் பிடித்தது.

அவர் பெயர் மார்கரெட் வேட். இதில் வேடிக்கை என்ன தெரியுமா? அவர் இளம் பெண்ணாக இருந்தபோது, அவரையே விளையாடக் கூடாது என்று தடுத்துவிட்டார்கள். அதுவும் அதே கல்லூரியில்!

வாருங்கள், அந்தக் கதையைத் தெரிந்துகொள்வோம்.

மிசிசிப்பியில் பிறந்த பெண்

அமெரிக்க வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். வடக்கில் தொடங்கி, தெற்கே மெக்சிகோ வளைகுடாவில் போய்ச் சேரும் நீளமான ஆறு ஒன்று தெரியும். அதுதான் மிசிசிப்பி. அந்த ஆற்றின் பெயரையே கொண்ட மாநிலம் ஒன்றும் இருக்கிறது. அந்த மாநிலத்தில் உள்ள மெக்கூல் என்ற சிற்றூரில், 1912ம் ஆண்டு டிசம்பர் 30ல் பிறந்தார் மார்கரெட் வேட்.

அந்த மாநிலத்தின் வடமேற்கில், ஆற்று வண்டல் படிந்த சமவெளி இருக்கிறது. டெல்டா என்று அழைப்பார்கள். கண்ணுக்கெட்டிய தூரம் வரை பருத்திக் காடுதான். அங்கே கிளீவ்லேண்ட் என்று ஓர் ஊர். (ஒஹையோ மாநிலத்தில் இதே பெயரில் ஒரு பெரிய நகரம் இருக்கிறது. அது வேறு, இது வேறு. குழம்பிக்கொள்ளாதீர்கள்!) அந்த ஊரில், ஆசிரியர்களை உருவாக்குவதற்காக 1925ல் ஒரு கல்லூரி தொடங்கினார்கள். அதன் பெயர் டெல்டா ஸ்டேட். அதில்தான் மார்கரெட் படித்தார். 1929 முதல் 1932 வரை மூன்று ஆண்டுகள், அந்தக் கல்லூரியின் பெண்கள் கூடைப்பந்து அணியில் விளையாடினார். அணியின் கேப்டனாகவும் இருந்தார்.

பந்து துள்ளும் சத்தம் கேட்டால் போதும், மார்கரெட்டின் கால்கள் சும்மா இருக்காது. அந்த அளவுக்கு அவருக்கு அந்த விளையாட்டில் ஆசை.

கோட்டைத் தாண்டாதே!

இங்கே ஒரு சின்ன இடைவேளை. கூடைப்பந்து எப்படிப் பிறந்தது என்று தெரியுமா? 1891ல், அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு என்ற ஊரில், ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற ஆசிரியர் கண்டுபிடித்தார். குளிர்காலத்தில் மாணவர்கள் கூரைக்கு அடியில் விளையாட ஏதாவது வேண்டும் என்று யோசித்து, பீச் பழக் கூடைகள் இரண்டை உயரத்தில் மாட்டி, அதில் பந்தைப் போடச் சொன்னார். அதனால்தான் அது கூடைப்பந்து!

அடுத்த சில மாதங்களிலேயே, பக்கத்து ஊரில் இருந்த ஸ்மித் பெண்கள் கல்லூரிக்கும் அந்த விளையாட்டு போய்விட்டது. அங்கே உடற்பயிற்சி ஆசிரியையாக இருந்த செண்டா பெரென்சன், 1893ல் மாணவிகளை இரண்டு அணியாகப் பிரித்து விளையாட வைத்தார். ஆனால், பெண்கள் ஓடினால் மூச்சு வாங்கும், உடம்பு கெட்டுவிடும் என்று பெரியவர்கள் பயந்த காலம் அது. அதனால் மைதானத்தைக் கோடு போட்டு மூன்று பகுதிகளாகப் பிரித்தார் செண்டா. எந்தப் பகுதியில் நிற்கிறார்களோ, அந்தப் பகுதியை விட்டு நகரக் கூடாது. ஒருவர் கையில் இருக்கும் பந்தைப் பறிக்கவும் கூடாது.

விளையாட்டே வேண்டாம் என்று சொல்லிவிடாமல் இருக்க, அன்றைக்கு அந்தக் கோடுகள் உதவின. ஆனால், கோடுகள் அத்தனை சீக்கிரம் அழியவில்லை. ஆண்களைப் போலவே ஐந்து பேர் சேர்ந்து முழு மைதானத்திலும் ஓடி விளையாடலாம் என்ற விதி, கல்லூரிப் பெண்களுக்கு 1971ல்தான் வந்தது. கணக்குப் போட்டுப் பாருங்கள், 78 ஆண்டுகள்!

எரிந்த சீருடைகள்

இப்போது மார்கரெட்டிடம் திரும்புவோம். 1932ம் ஆண்டு. அவருக்கு 19 வயது. கல்லூரியில் இன்னும் ஓர் ஆண்டு பாக்கி. கடைசி ஆண்டில் இன்னும் நன்றாக விளையாட வேண்டும் என்று கனவு கண்டுகொண்டிருந்தார்.

திடீரென்று ஒரு செய்தி வந்தது. பெண்கள் அணியையே கலைத்துவிட்டார்கள்! அணி தோற்றதாலா? இல்லை. பணம் இல்லாததாலா? அதுவும் இல்லை. இவ்வளவு கடினமான விளையாட்டு இளம் பெண்களுக்கு ஒத்துவராது என்பதுதான் கல்லூரி சொன்ன காரணம். விளையாடிய பெண்களிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அந்தப் பெண்கள் என்ன செய்ய முடியும்? அழுதார்கள். பிறகு தங்கள் சீருடைகளை எல்லாம் ஒன்றாகக் குவித்துத் தீ வைத்தார்கள். அதுதான் அவர்களால் முடிந்த எதிர்ப்பு. சீருடைகள் எரிந்து சாம்பலாயின. மைதானம் அமைதியாகிவிட்டது.

அந்தக் கல்லூரியில் மறுபடி ஒரு பெண்கள் அணி வருவதற்கு 41 ஆண்டுகள் ஆயின.

பந்தை விடாத கை

மார்கரெட் பட்டம் வாங்கினார். டூபெலோ ரெட் விங்ஸ் என்ற அணியில் சேர்ந்து இரண்டு ஆண்டுகள் விளையாடினார். முழங்காலில் பலமாக அடிபட்டது. விளையாடியது போதும் என்று கால் சொல்லிவிட்டது. ஆனால் மனசு கேட்கவில்லை. தான் விளையாட முடியாவிட்டால் என்ன, மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கலாமே!

பள்ளி ஆசிரியையானார். மாணவிகளுக்குக் கூடைப்பந்துப் பயிற்சி கொடுத்தார். முதலில் சிறிய பள்ளிகள். பிறகு கிளீவ்லேண்ட் உயர்நிலைப் பள்ளியில் ஏறத்தாழ 20 ஆண்டுகள். அவரது பள்ளி அணிகள் பெற்ற வெற்றிகள் 453. தோல்விகள் 89. சமனில் முடிந்தவை 6. அதாவது, ஆறு ஆட்டம் ஆடினால் ஐந்தில் வெற்றி!

1959ல், தான் படித்த டெல்டா ஸ்டேட் கல்லூரிக்கே ஆசிரியையாகத் திரும்பி வந்தார். பெண்களுக்கான உடற்கல்விப் பிரிவைக் கவனித்துக்கொண்டார். ஆண்கள் அணி இருந்தது, ஆட்டங்கள் நடந்தன. பெண்களுக்கு மட்டும் அணி இல்லை. ஒரு காலத்தில் தான் கேப்டனாக நின்ற அதே கல்லூரியில், அணி இல்லாமலே 14 ஆண்டுகள் பாடம் நடத்தினார் மார்கரெட். அவர் மனசில் என்ன ஓடியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஒரு சட்டம், ஒரு அழைப்பு

1972ல் அமெரிக்காவில் ஒரு சட்டம் வந்தது. அரசாங்கத்தின் பணத்தைப் பெறும் எந்தக் கல்வி நிலையமும், ஆண் பெண் என்று பாகுபாடு காட்டக் கூடாது என்றது அந்தச் சட்டம். படிப்புக்காக வந்த சட்டம்தான். ஆனால், பள்ளி, கல்லூரி விளையாட்டும் அதில் அடக்கம். ஆண்களுக்கு அணி, மைதானம், பேருந்து எல்லாம் கொடுத்துவிட்டு, பெண்களுக்கு மட்டும் கையை விரிக்க முடியாது! நாடு முழுவதும் கல்லூரிகள் பெண்கள் அணிகளைத் தொடங்கின.

1973ல் டெல்டா ஸ்டேட்டும் மறுபடி பெண்கள் கூடைப்பந்து அணியைத் தொடங்க முடிவு செய்தது. பயிற்சியாளராக யாரைப் போடுவது? வேறு யாரை! மார்கரெட்டைத்தான் அழைத்தார்கள். அப்போது அவருக்கு 60 வயது. ஓய்வு பெற்று, ஊஞ்சலில் ஆடிக்கொண்டு காபி குடிக்க வேண்டிய வயசு. மார்கரெட் சரி என்று சொல்லிவிட்டார்.

ஆனால் ஒரு சிக்கல். பயிற்சியாளர் தயார். மைதானம் தயார். விளையாட ஆள் வேண்டுமே!

யார் வேண்டும்? எங்கே வேண்டும்?

இங்கேதான், நாம் முதலில் கேட்ட கேள்வி வருகிறது.

கூடைப்பந்தில் ஒரு நேரத்தில் ஐந்து பேர் விளையாடுவார்கள். வளையம் தரையில் இருந்து 10 அடி உயரத்தில் இருக்கும். வளையத்துக்குப் பக்கத்தில் நின்று, உயரத்தில் வரும் பந்தைப் பிடித்து உள்ளே போட ஒருவர் வேண்டும். அவர் சென்டர். வளையத்தில் பட்டுத் திரும்பி விழும் பந்தையும் அவர்தான் பாய்ந்து பிடிக்க வேண்டும். பக்கவாட்டில் இருந்து உதவ ஃபார்வர்டுகள் வேண்டும். பந்தைத் தட்டிக்கொண்டே மேலே கொண்டுவந்து, யாரிடம் கொடுத்தால் கூடை விழும் என்று ஒரு நொடியில் முடிவு செய்ய கார்டுகள் வேண்டும்.

ஐந்து பேருமே உயரமாக இருந்தால் என்ன ஆகும்? பந்தைக் கொண்டுவர ஆள் இருக்காது. ஐந்து பேருமே வேகமாக ஓடுபவர்களாக இருந்தால்? திரும்பி விழும் பந்து எல்லாம் எதிரணிக்குப் போய்விடும். சாம்பாரில் பருப்பு, புளி, காரம், உப்பு எல்லாம் அளவாக இருக்க வேண்டும் அல்லவா? உப்பு நல்லது என்பதற்காக உப்பையே கொட்ட முடியுமா? அணியும் அப்படித்தான்.

அதனால் ஒரு பயிற்சியாளர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, யார் கெட்டிக்காரர் என்பது அல்ல. நம்மிடம் எந்த இடம் காலியாக இருக்கிறது என்பதுதான். அந்த இடத்துக்குப் பொருத்தமானவர் எங்கே இருக்கிறார் என்று தேடுவது, அடுத்த வேலை.

கல்லூரி அணிக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. மாணவிகள் நான்கு ஆண்டுகள்தான் இருப்பார்கள். பட்டம் வாங்கியதும் போய்விடுவார்கள். ஆகவே, இந்த ஆண்டு அணி எப்படி விளையாடுகிறது என்று பார்க்கும்போதே, அடுத்த ஆண்டு எந்த இடம் காலியாகும் என்றும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

மார்கரெட்டுக்கோ, எல்லா இடமும் காலி!

போர்வைக்குள் பார்த்த ஆட்டம்

கிளீவ்லேண்டுக்குக் கொஞ்சம் தள்ளி, மின்டர் சிட்டி என்று ஒரு சிற்றூர். அங்கே வாரத்துக்கு நிலம் உழுது பயிர் செய்த ஒரு கறுப்பினக் குடும்பம். அந்த வீட்டில் 11 பிள்ளைகள். பத்தாவதாக, 1955ல் பிறந்தவர் லூசியா ஹாரிஸ்.

லூசியா மளமளவென்று வளர்ந்தார். 6 அடி 3 அங்குலம்! கூடப் படித்தவர்கள் அந்த உயரத்தைச் சொல்லிக் கேலி செய்தார்கள். வீட்டுக்கு வந்தால் கூடைப்பந்துதான் ஆறுதல். இரவில் எல்லாரும் தூங்கிய பிறகு, போர்வையை இழுத்து மூடிக்கொண்டு, தொலைக்காட்சியில் வரும் கூடைப்பந்து ஆட்டங்களை ரகசியமாகப் பார்ப்பார். தானும் ஒருநாள் அப்படி விளையாட வேண்டும் என்று ஆசைப்படுவார். கேலிக்கு ஆளான அதே உயரம், பள்ளி அணியில் அவரது பலமானது. அந்த அணிக்கு அவர்தான் கேப்டன்.

பள்ளிப் படிப்பு முடிந்தது. ஆல்கார்ன் ஸ்டேட் என்ற கல்லூரியில் சேர்ந்து படிக்கலாம் என்று நினைத்திருந்தார் லூசியா. அங்கே பெண்கள் கூடைப்பந்து அணி கிடையாது. அங்கே போயிருந்தால், அவரது விளையாட்டு அத்தோடு முடிந்திருக்கும்.

அந்த நேரத்தில்தான், டெல்டா ஸ்டேட் கல்லூரிக்கு மாணவர்களைச் சேர்க்கும் வேலையில் இருந்த மெல்வின் ஹெம்ஃபில் என்பவர், லூசியாவைச் சந்தித்தார். எங்கள் கல்லூரியில் புதிதாகப் பெண்கள் அணி வருகிறது, வந்து சேருங்கள் என்று கேட்டுக்கொண்டார். வளையத்துக்கு அருகே நிற்க, மார்கரெட்டுக்கு ஓர் ஆள் வேண்டும். விளையாட, லூசியாவுக்கு ஓர் அணி வேண்டும். இரண்டும் பொருந்திவிட்டன!

இதில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. டெல்டா ஸ்டேட் கல்லூரி வெள்ளையர்களுக்காகத் தொடங்கப்பட்டது. 1967 வரை கறுப்பின மாணவர்களுக்கு அங்கே இடமே இல்லை. லூசியா சேர்ந்தபோது, அந்த அணியில் அவர் ஒருவர்தான் கறுப்பினப் பெண். ஒரு காலத்தில் பெண் என்பதற்காக மைதானத்தின் கதவு மார்கரெட்டுக்கு மூடப்பட்டது. நிறத்துக்காகக் கல்லூரியின் கதவே லூசியாவைப் போன்றவர்களுக்கு மூடிக் கிடந்தது. கதவு மூடப்பட்ட இரண்டு பேர், ஒரே மைதானத்தில் சந்தித்தார்கள்!

இன்று அமெரிக்காவில் கல்லூரிக் கூடைப்பந்து வீராங்கனைகளுக்குப் படிப்புச் செலவு முழுவதையும் ஏற்கும் உதவித்தொகை கிடைக்கிறது. அன்று அப்படி இல்லை. விளையாட்டுக்காக லூசியாவுக்குப் பணம் எதுவும் தரவில்லை. படிப்புக்கான உதவித்தொகை கொஞ்சம், கல்லூரியிலேயே பார்த்த சிறு வேலையின் சம்பளம் கொஞ்சம். இரண்டையும் சேர்த்துத்தான் படித்தார், விளையாடினார்.

நெட்டையும் குட்டையும்

முதல் ஆண்டிலேயே, ஆடிய 18 ஆட்டங்களில் 16 வெற்றி, இரண்டே தோல்வி! ஆனால் மார்கரெட் திருப்தி அடைந்துவிடவில்லை. அணியில் இன்னும் என்ன குறை என்று பார்த்தார். உயரத்துக்கு லூசியா இருக்கிறார். அவர் கைக்குப் பந்தைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டுமே!

அடுத்த ஆண்டு சேர்ந்தார் டெபி பிராக். அவர் உயரம் எவ்வளவு தெரியுமா? 4 அடி 11 அங்குலம்தான்! லூசியாவைவிட ஒன்றேகால் அடிக்கும் மேல் குள்ளம். நம் ஊர் பி.டி. பீரியடாக இருந்தால், கடைசியில் மிஞ்சி நிற்பவர் அவராகத்தான் இருப்பார். ஆனால் பந்தைத் தட்டிக்கொண்டு ஓடுவதிலும், சரியான ஆளுக்கு எறிவதிலும் டெபி படு கெட்டிக்காரர். குள்ளமாக இருந்ததால், அவர் தட்டும் பந்து தரையை ஒட்டியே துள்ளும். உயரமானவர்கள் குனிந்து பறிப்பதற்குள் போய்விடுவார்! டெபி கொண்டுவருவார், லூசியா கூடையில் போடுவார். அவர்களோடு மற்ற பெண்கள், ஒவ்வொருவரும் அவரவர் இடத்தில்.

அந்த 1974-75 பருவத்தில், டெல்டா ஸ்டேட் 28 ஆட்டங்கள் ஆடியது. எத்தனை வெற்றி? 28! ஒரு தோல்விகூட இல்லை.

வாளி தட்டிய கன்னியாஸ்திரீகள்

அந்த நாளில், பெண்கள் கூடைப்பந்தில் அசைக்க முடியாத அணியாக இருந்தது இம்மாகுலாட்டா. பென்சில்வேனியாவில் கன்னியாஸ்திரீகள் நடத்திய சின்னஞ்சிறு கல்லூரி அது. ஆனால் 1972, 1973, 1974 என்று தொடர்ந்து மூன்று ஆண்டுகள் தேசியப் பட்டத்தை வென்றிருந்தது. அதன் ஆட்டம் என்றால், கன்னியாஸ்திரீகளும் வந்து உட்கார்ந்து, இரும்பு வாளியைக் கம்பால் தட்டித் தட்டி உற்சாகப்படுத்துவார்கள். அரங்கமே அதிரும்!

1975 இறுதி ஆட்டத்தில், அந்த இம்மாகுலாட்டாவைச் சந்தித்தது டெல்டா ஸ்டேட். தொடங்கி இரண்டே ஆண்டு ஆன அணி. பயப்படாமல் விளையாடினார்கள் மார்கரெட்டின் பெண்கள். 90-81 என்ற கணக்கில் வெற்றி! பருத்திக் காட்டு ஊருக்குத் தேசியப் பட்டம் வந்தது. சீருடையை எரித்து அழுத அந்தக் கேப்டன், 62 வயதில் சாம்பியன் அணியின் பயிற்சியாளராக நின்றார்.

1976ல் மறுபடி இறுதி ஆட்டம். மறுபடி இம்மாகுலாட்டா. 69-64 என்று மறுபடி வெற்றி. 1977ல் எதிரணி லூசியானா ஸ்டேட். 68-55 என்று மூன்றாவது பட்டம்! இடையில் ஒரு தோல்வியும் இல்லாமல் தொடர்ந்து 51 ஆட்டங்களை வென்ற சாதனையும் அந்த அணிக்கு உண்டு.

அதற்குள் லூசியாவும் உலகப் புகழ் பெற்றுவிட்டார். 1976ல் மான்ட்ரியால் ஒலிம்பிக்கில் முதல்முறையாகப் பெண்கள் கூடைப்பந்து சேர்க்கப்பட்டது. அந்தப் போட்டியில் விழுந்த முதல் கூடை, லூசியா போட்டது! அமெரிக்க அணி வெள்ளிப் பதக்கம் வென்றது. 1977ல், ஆண்களின் தொழில்முறை அணியான நியூ ஆர்லியன்ஸ் ஜாஸ், லூசியாவைத் தேர்வு செய்தது. அவர் அதில் போய்ச் சேரவில்லை. ஆனாலும் பெரிய கௌரவம் அது. அப்போது பெண்களுக்கென்று தொழில்முறைப் போட்டியே அமெரிக்காவில் இல்லை.

காலியான இடம்

எல்லாக் கதையும் வெற்றியிலேயே முடிந்துவிடாது, குட்டீஸ். நான்கு ஆண்டு கணக்கு நினைவிருக்கிறதா? 1977ல் லூசியா பட்டம் வாங்கிவிட்டார். அடுத்த ஆண்டு டெபியும் போய்விட்டார். 6 அடி 3 அங்குல உயரமும், பந்தைப் பாய்ந்து பிடிக்கும் திறமையும் உள்ள இன்னொரு பெண் உடனே கிடைத்துவிடுவாரா? அதோடு, மற்ற கல்லூரிகளும் விழித்துக்கொண்டன. பெரிய பெரிய பல்கலைக்கழகங்கள், நல்ல வீராங்கனைகளைத் தேடி ஊர் ஊராக ஆள் அனுப்பத் தொடங்கின.

1978லும் 1979லும் டெல்டா ஸ்டேட்டுக்குப் பட்டம் கிடைக்கவில்லை. ஆனாலும், ஆடிய ஆட்டங்களில் பெரும்பாலானவற்றில் வென்றது. 1979ல் மார்கரெட் ஓய்வு பெற்றார். டெல்டா ஸ்டேட் பயிற்சியாளராக அவர் பெற்ற வெற்றிகள் 157, தோல்விகள் 23 மட்டுமே. அவர் நட்ட செடி வாடிவிடவில்லை. 1989, 1990, 1992 ஆண்டுகளில், இரண்டாம் பிரிவுக் கல்லூரிகளுக்கான தேசியப் பட்டத்தை டெல்டா ஸ்டேட் பெண்கள் வென்றார்கள்.

லூசியா என்ன ஆனார் தெரியுமா? பட்டம் வாங்கியதும் டெல்டா ஸ்டேட் கல்லூரியிலேயே வேலைக்குச் சேர்ந்தார். என்ன வேலை? கல்லூரிக்கு மாணவர்களைச் சேர்க்கும் வேலை! கூடவே கூடைப்பந்து அணிக்குத் துணைப் பயிற்சியாளர். தன்னைத் தேடி வந்து ஒருவர் அழைத்த மாதிரி, இப்போது அவர் மற்ற பிள்ளைகளைத் தேடிப் போனார். பிறகு, தான் படித்த பள்ளிக்கே ஆசிரியையாகவும் சென்றார். 2022ல் அவர் மறைந்தார்.

பெயர் சொல்லும் கோப்பை

மார்கரெட்டுக்குப் பெருமைகள் தேடி வந்தன. 1978ல், கல்லூரிப் பெண்கள் கூடைப்பந்தில் சிறந்த வீராங்கனைக்கு ஆண்டுதோறும் வழங்க ஒரு விருது ஏற்படுத்தினார்கள். அதற்கு வேட் கோப்பை என்று அவர் பெயரையே வைத்தார்கள்.

1985ல் இன்னொரு பெருமை. கூடைப்பந்தைக் கண்டுபிடித்த நெய்ஸ்மித்தின் பெயரில், ஸ்பிரிங்ஃபீல்டில் ஒரு புகழ் மண்டபம் இருக்கிறது. கூடைப்பந்தில் பெரும் சாதனை செய்தவர்களின் பெயர்களை அங்கே பதிப்பார்கள். அதுவரை அதில் ஒரு பெண்ணின் பெயர்கூட இல்லை. 1985ல் முதன்முறையாக மூன்று பெண்களைச் சேர்த்தார்கள். ஒருவர், பெண்களை முதலில் விளையாட வைத்த செண்டா பெரென்சன். மற்றொருவர், ஓக்லஹோமா மாநிலத்தில் பள்ளி மாணவிகளுக்குப் பயிற்சி கொடுத்த பெர்த்தா டீக். மூன்றாமவர், நம் மார்கரெட் வேட்!

1995 பிப்ரவரி 16ல், 82வது வயதில், மார்கரெட் காலமானார்.

இன்று அமெரிக்காவில் ஒரு கல்லூரிப் பெண்கள் அணியில் 15 பேர் வரை இருக்கிறார்கள். பயிற்சியாளர்கள் விமானத்தில் பறந்து, வெளிநாடுகளுக்கும் போய் வீராங்கனைகளைத் தேடுகிறார்கள். பெரிய ஆட்டங்களைத் தொலைக்காட்சியில் லட்சக்கணக்கானோர் பார்க்கிறார்கள். ஆனால் அவர்கள் கேட்கும் கேள்வி, மார்கரெட் கேட்ட அதே கேள்விதான். நம்மிடம் எந்த இடம் காலியாக இருக்கிறது? அதற்குப் பொருத்தமான பெண் எங்கே இருக்கிறாள்?

குட்டீஸ், அடுத்த முறை பி.டி. பீரியடில் நீங்கள் கேப்டனாக நின்றால், கடைசியில் மிஞ்சி நிற்பவரை ஒரு தடவை உற்றுப் பாருங்கள். உங்கள் அணியில் காலியாக இருக்கும் இடத்துக்கு ஏற்றவர் அவராக இருக்கலாம். ஒருவேளை மிஞ்சி நிற்பது நீங்களாக இருந்தால், மனசு உடைந்துவிடாதீர்கள். 4 அடி 11 அங்குல டெபியை நினைத்துக்கொள்ளுங்கள். விளையாடவே கூடாது என்று அனுப்பப்பட்டு, 41 ஆண்டுகள் கழித்து, அதே மைதானத்துக்குப் பயிற்சியாளராகத் திரும்பி வந்த மார்கரெட்டையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

சரி, பி.டி. பீரியட் மணி அடித்துவிட்டது. ஓடுங்கள்!